கறிவேப்பிலைக்கு வரிக் கழிவு இல்லை

இரு மோனை, எழும்பாதை. கதிரையெல்லாம் கட்டியாச்சு எண்டு தெரியும். நான் உந்தப் பெட்டிக்கு மேல இருக்கிறன். என்ன எழுதிக் கிடக்கு, குசினியோ? அப்ப இடியப்ப உரல் உள்ளுக்கை இருக்கும், தாங்கும். தேத்தண்ணி கடதாசிக் கோப்பையில எண்டாலும் பரவாயில்லை பிள்ளை, சீனியையும் கட்டிப்போட்டியோ எண்டதுதான் என்ர கவலை.

அப்ப கல்கரிக்குப் போறது முடிவாப் போச்சு. நல்லது. எண்ணெய்க் கம்பனி, எஞ்சினியர் வேலை, பங்குனி முதலாம் கிழமை கதிரையில இருக்கவேணும். நான் மறிக்க வரேல்லை. பெரியப்பு வந்தால் புத்தி சொல்லுவார் எண்டு உன்ர முகம் இப்பவே சுருங்குது. புத்தி இல்லை ராசா, கணக்கு. ஸ்காபரோவில மகள் வீட்டுக் கீழறையில கிடக்கிற கிழவனுக்கு என்ன கணக்குத் தெரியும் எண்டு நினைப்பாய். இணுவிலில போயிலைத் தோட்டம் செய்தவன் நான். பங்குக் கிணத்தில ஆர் எத்தினை மணிக்குத் தண்ணி இறைச்சது, எவன் அரை மணித்தியாலம் களவா இறைச்சது எண்டு மனத்தில வைச்சிருந்து, பொங்கலுக்குச் சொல்லிக் காட்டின பரம்பரை.

அந்த நீலச் சாடியில நிக்கிறது கறிவேப்பிலைதானே? நல்லாச் சடைச்சிட்டுது. சும்மா கேட்டனான்.

போன கிழமை போனில நீ என்ன சொன்னனி? "பெரியப்பு, செலவைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ, ரக்ஸில எல்லாம் வந்திடும்." எல்லாம் வந்திடும்! அதைக் கேட்ட நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. எங்கட ஊரில உப்பிடிச் சொன்னது ரண்டே ரண்டு பேர். ஒருத்தர் சீட்டுப் பிடிச்சவர். மற்றவர் அந்தச் சீட்டில சேர்ந்தவர்.

தமிழில கட்டுறதும் வரி, எழுதுறதும் வரி. கனடாக்காரனுக்குத் தமிழ் தெரியாட்டிலும் ரண்டையும் ஒண்டாச் சேர்த்து வைச்சிருக்கிறான். கணக்குப் படிவத்தில 21900ஆம் வரி எண்டு ஒண்டு கிடக்கு. வேலைக்காக இடம் மாறின செலவு அதிலதான் போகும். அதுக்கு முதல் ரி1-எம் எண்டு ஒரு படிவம் நிரப்பி, எதெதுக்கு எவ்வளவு எண்டு கூட்டவேணும். ஆனால் ஒண்டை வடிவாக் கேள். கழிபடும் எண்டால் குடுத்த காசு திரும்பி வரும் எண்டு அர்த்தம் இல்லை. 10,000 டொலர் செலவழிச்சாய் எண்டால், உன்ர வருமானத்தில 10,000ஐக் குறைச்சுப் பாப்பாங்கள். அந்தக் காசுக்குக் கட்டியிருக்கவேண்டிய வரிதான் உனக்கு மிச்சம். உன்ர சம்பளத்துக்கு அது மூண்டில ஒரு பங்கு மட்டில வரும். மற்ற ரண்டு பங்கும் போனது போனதுதான். ஆடு செத்ததுக்குத் தோல் குடுக்கிறாங்கள் மோனை, ஆடு குடுக்கேல்லை.

அந்தத் தோலுக்கும் முதல் கேள்வி தூரம். புது வீடு, புது வேலையிடத்துக்குப் பழைய வீட்டை விட 40 கிலோமீற்றர் எண்டாலும் கிட்டவா இருக்கவேணும். உனக்கு அதில வழக்கில்லை, கல்கரி 3,400 கிலோமீற்றர். ஆனால் எங்கட கோயிலில தேவாரம் படிக்கிற ஒருத்தர் இருக்கிறார், ஸ்காபரோவில இருந்து பிரம்ரனுக்கு மாறினவர். வேலை விமான நிலையத்தடியில. "ஐம்பது கிலோமீற்றர் சாமான் தூக்கினனான், கழிச்சே தீருவன்" எண்டு மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். சாமான் ஐம்பது கிலோமீற்றர் போனது மெய். பழைய வீட்டில இருந்து வேலைக்கு எவ்வளவு? முப்பத்தைஞ்சு. புது வீட்டில இருந்து? பதினைஞ்சு. அப்ப மனுசன் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறார்? இருபது. சாமான் எவ்வளவு தூரம் போனது எண்டு அவங்கள் பாக்கிறதில்லை, நீ வேலைக்கு எவ்வளவு கிட்டினாய் எண்டுதான் பாக்கிறது. தேவாரத்தில தாளம் பிழைச்சால் ஆண்டவன் பொறுப்பான். உவங்கள் பொறுக்கமாட்டாங்கள்.

தூரத்தை எப்பிடி அளக்கிறது எண்டதுக்கும் வழக்கு நடந்திருக்கு. முந்தி நேர்கோட்டில அளந்தவங்கள், காகம் பறக்கிற கணக்கு. 1995இல சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், சனம் வழக்கமாப் போற றோட்டால, அதிலயும் ஆகக் கிட்டின பாதையால அளவுங்கோ எண்டு தீர்த்துவிட்டுது. கணக்குக்காரப் பெடியன் ஒருத்தன் இதைச் சொல்லேக்கை எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு ஏன் எண்டு விளங்கேல்லை. அதே 1995, ஐப்பசி 30. நானும் உன்ர பெரியம்மாவும் சனம் போற றோட்டாலதான் போனனாங்கள். வலிகாமம் முழுக்க அந்த ஒரு றோட்டில. மழை. சைக்கிள் கரியரில அரை மூட்டை அரிசி, ஹாண்டிலில கொக்காவின்ர பள்ளிக்கூடப் பை. நாவற்குழிப் பாலத்தடியில ஒரு அடி வைச்சால் அடுத்த அடிக்கு இடம் வரக் காத்து நிக்கவேணும். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர விடிஞ்சுபோச்சு. இணுவிலில இருந்து அளந்து பார், இருபது கிலோமீற்றர் சொச்சம். நாப்பது வராது. வரிக் கந்தோர்க் கணக்கில நாங்கள் இடம்பெயரவேயில்லை.

சரி, விடு. அந்தச் சுருள் ரேப்பை இஞ்சால தா, உந்தப் பெட்டியின்ர வாய் திறந்து கிடக்கு.

நான் இடம்பெயர்ந்தது எண்டு இந்த நாட்டுச் சட்டம் ஒத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஒரு தரம்தான். 1999இல வந்து மொன்றியலில மூத்தவளோட மூண்டு வருசம் இருந்தன். 2002இல ரொறன்ரோவில ஒரு பேக்கரியில வேலை கிடைச்சுது. 540 கிலோமீற்றர். நாப்பது எங்கை, ஐஞ்நூற்றி நாப்பது எங்கை! சாமான் ஏத்தினது ஒரு தெரிஞ்ச பெடியன்ர வான். கையில 400 டொலரும் ஒரு பெட்டி பியரும் குடுத்தன். சிட்டை கேக்கிறது மரியாதையில்லை எண்டு கேக்கேல்லை. எங்கட ஆக்களின்ர மரியாதையில பாதி உதுதான், மற்றப் பாதி சாப்பாடு போதும் எண்டு சொல்லிப்போட்டுப் பசியோட வீட்டை வாறது. நான் என்ர பழைய கொறோலாவில வானுக்குப் பின்னால வந்தன், நடுவில ரண்டு தரம் கோப்பி, ஒருக்காச் சாப்பாடு. அந்த வருசம் கணக்குப் போட்டவரும் ஒண்டும் கேக்கேல்லை, நானும் ஒண்டும் சொல்லேல்லை.

2013 பங்குனியில, நான் சொன்ன அந்தக் கணக்குக்காரப் பெடியன், கதையோட கதையாய்ச் சொல்லுறான்: "ஐயா, உதை நீங்கள் கழிச்சிருக்கலாம்." பழைய கணக்கை இப்ப திருத்தலாமோ எண்டு கேட்டன். திருத்தலாமாம், பத்து வருசத்துக்குள்ள கேக்கவேணுமாம். விரல் மடிச்சு எண்ணிப் பாத்தன். 2002ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2012 மார்கழி கடைசித் தவணை. மூண்டு மாசம் பிந்திட்டன். "வானுக்குச் சிட்டை இல்லாட்டிலும் சாப்பாட்டையும் கார் ஓடின கிலோமீற்றரையும் சிட்டை இல்லாமலே போட்டிருக்கலாம் ஐயா" எண்டு பேந்தும் சொன்னான். பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்சதெண்டு சொல்லுறது உதைத்தான். அண்டைக்குத் தொடங்கினது எனக்கு இந்தப் படிப்பு. உன்ர பெரியம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பா, குதிரை ஓடினாப்போல லாயத்துக்குப் பூட்டு வாங்கி, அந்தப் பூட்டை இப்ப ஊருக்கெல்லாம் காட்டித் திரியிறார் எண்டு.

கொண்ணனுக்கு இந்தத் தலையிடி இல்லை. அவன் நியூ ஜேர்சியில இருக்கிறான் எல்லே, அங்கை சமஷ்டி வரியில கழிவே இல்லை. 2018இல பூட்டினவங்கள். கொஞ்சக் காலத்துக்குத்தான், 2025 முடியத் திறக்கும் எண்டு சொன்னவங்கள். 2025இல சட்டம் கொண்டுவந்து நிரந்தரமாப் பூட்டிப்போட்டாங்கள். பட்டாளத்துக்காரருக்கும் உளவு வேலை செய்யிறவைக்கும் மட்டும் வாசல் திறந்து கிடக்கு. கொண்ணனைப் பாத்தால் ரண்டு மாதிரியும் தெரியேல்லை. உளவு எண்டால் எங்களுக்குச் சொல்லவும் மாட்டான்தானே.

இப்ப உன்ர கணக்குக்கு வருவம். தையில நீயும் மனுசியுமாக் கல்கரிக்குப் பறந்தனீங்கள், வீடு பாக்க. பிளேன் ரிக்கற், மூண்டு இரவு ஹோட்டல், வாடகைக் கார். பான்ஃப் மலையடியில நிண்டு எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில போட்டனீங்கள், நானும் கைகூப்பி ஒரு பொம்மை அனுப்பினனான். அந்தப் பயணம் ஒரு சதமும் கழிபடாது. இடம் மாற முதல் வீடு பாக்கப் போறதுக்கும் இல்லை, வேலை தேடிப் போறதுக்கும் இல்லை. மலை பாத்ததுக்கு நீயும் கேக்கமாட்டாய் எண்டு நம்புறன்.

பேந்து உந்தக் கொண்டோவுக்குப் பெயின்ற் அடிப்பிச்சனி. என்ன நிறம் உது? சாம்பல். காசு குடுத்து வீட்டுக்குச் சாம்பல் பூசிறதை இந்த நாட்டிலதான் பாத்தன். ஊரில அடுப்படிச் சுவர் சும்மாவே அந்த நிறத்துக்கு வரும். வாங்க வாறவன்ர கண்ணுக்கு வீட்டை வடிவாக்கின செலவு கழிபடாது. வீட்டை நட்டத்துக்கு வித்தால் அந்த நட்டமும் கழிபடாது. ஆனால் விக்கிற ஏஜென்றின்ர கொமிசன் கழிபடும். லோயர் காசு கழிபடும். மோர்கேச்சைத் தவணைக்கு முதல் முறிச்சதுக்கு வங்கி அடிக்கிற தண்டமும் கழிபடும். விளங்குதோ? உன்ர ரசனைக்கு ஒண்டும் இல்லை. மற்றவங்கள் உன்னட்டைப் பிடுங்கினதுக்குத்தான் கழிவு.

என்ன முணுமுணுக்கிறாய்? இப்ப விலை விழுந்துபோய்க் கிடக்கு, கொஞ்சம் பொறுத்து விப்பம் எண்டோ? எனக்குத் தெரியும், நீ கொப்பரின்ர மகன். அந்தாள் வெங்காயம் விலை ஏறட்டும் எண்டு கட்டித் தூக்கி வைச்சு, முளை விட்டாப்போல ஆட்டுக்குப் போட்டவர். விலை ஏறட்டும் எண்டு வேணுமெண்டே பிடிச்சு வைச்சிருந்தாய் எண்டால், பிறகு விக்கேக்கை வாற கொமிசனும் லோயர் காசும் கழிபடாது. மெய்யாவே விக்கப் பாத்து, ஆள் வராமல் வெறும் வீடாக் கிடந்தால், அந்தக் காலத்து வட்டி, வீட்டு வரி, காப்புறுதி, வெப்பக் காசு எல்லாம் சேர்த்து 5,000 டொலர் வரைக்கும் விடுவாங்கள். இடையில ஆரையும் வாடகைக்கு வைச்சால் அதுவும் போச்சு. கல்கரியில வீடு வாங்கேக்கை லோயருக்குக் குடுக்கிறதும் உறுதி பதியிற காசும்கூட, இஞ்சை இருக்கிறதை வித்தால்தான் கழிபடும். அல்பேர்ட்டாவில காணி கைமாறுற வரி எண்டே ஒண்டு இல்லை, பதிவுக் காசு மட்டும்தான். ரொறன்ரோவில வாங்கிறவன் அதை ரண்டு தரம் கட்டுறான், மாகாணத்துக்கு ஒண்டு, நகரத்துக்கு ஒண்டு. நீ போறதில எனக்குப் பிடிச்சது உது ஒண்டுதான்.

கம்பனி எவ்வளவு தருது? மெல்லமாச் சொல்லு, ஏன் காதுக்குள்ள வாறாய்? ஓ, மனுசிக்குச் சொல்லேல்லையோ. சரி, நானும் கேக்கேல்லை. அது எந்த மாதிரி வருது எண்டு மட்டும் சொல்லு. சிட்டையைக் குடுத்துக் காசு எடுக்கிறதோ, இல்லாட்டிச் சம்பளத்தோட சேர்த்துப் போடுறதோ? சிட்டைக்குத் தந்தால் அந்தச் செலவை நீ திரும்பவும் கழிக்க ஏலாது. ஒரே மோதகத்தை ரண்டு பிள்ளையாருக்குப் படைக்கிற வேலை அது. ரி-4இல வருமானமாக் காட்டித் தந்தால், நீ அதுக்கு வரி கட்டுறாய், செலவைக் கழிக்கிறாய், கணக்கு நேர். அதைவிட, சில்லறைச் செலவுக்கு எண்டு 650 டொலர் வரைக்கும் சிட்டை கேக்காமல் தரலாம். இவ்வளவும் இடம் மாறத்தான் செலவழிஞ்சுது எண்டு நீ எழுதிக் குடுத்தால் அது உன்ர வருமானத்தில சேராது. தருவினமோ எண்டு கேள். வெக்கப்படாதை. 540 கிலோமீற்றர் நீளத்துக்கு வெக்கம் என்னட்டைக் கிடக்கு, தேவையெண்டால் அதில இருந்து தாறன்.

சாமான் லொறியில போகும், நீங்கள் நாலு பேரும் காரில. நாலு நாள் எண்டு வை. ரண்டாம் நாள் இரவு தண்டர் பேயில படுத்தெழும்பி, ஒன்ராறியோ முடிஞ்சுது எண்டு நினைப்பாய். முடியாது. கெனோரா தாண்டும் மட்டும் மரமும் குளமும் பேந்து மரமும்தான். அந்த வழியில சாப்பாட்டுக்கு ரண்டு முறை இருக்கு. ஒண்டு, கடைக்குக் கடை சிட்டை எடுத்து, குடுத்ததைக் குடுத்தபடி போடுறது. மற்றது சுலப முறை: ஒரு நேரத்துக்கு 23 டொலர், நாளுக்கு மூண்டு நேரம், ஆளுக்கு 69 டொலர், சிட்டை சேர்க்கத் தேவையில்லை. 69ஐ நாலு பேரால பெருக்கு, பேந்து நாலு நாளால பெருக்கு. 1,104 டொலர்.

உன்ர மனுசியை எனக்குத் தெரியும். எழுபது றோல்ஸ் பொரிச்சு, ஒரு பெட்டி பற்றிஸ், போத்தலில தேத்தண்ணி, எல்லாம் கட்டாமல் வெளிக்கிடமாட்டாள். 1,104 டொலருக்கு றோல்ஸ் எண்டால் ஸ்காபரோக் கடைக்காரர் எல்லாரும் அவளைக் கும்பிடவேணும். சிரியாதை. நான் அப்பிடிச் செய் எண்டு சொல்லேல்லை. காசு குடுத்துச் சாப்பிட்ட நேரத்துக்கு மட்டும் போடு. சிட்டை தேவையில்லை எண்டதுக்குக் கேள்வி வராது எண்டு அர்த்தமில்லை. சட்பரியிலயோ வாவாவிலயோ நிண்டு சாப்பிட்டது எண்டு ஒரு கொப்பியில எழுதி வை.

காருக்கும் சுலப முறை இருக்கு. ஓடின கிலோமீற்றரை எழுதினால், கிலோமீற்றருக்கு இத்தினை சதம் எண்டு. அந்தச் சதம் மாகாணத்துக்கு மாகாணம் வேற. நீ எங்கையிருந்து வெளிக்கிடுறியோ அந்த மாகாணத்தின்ர சதம்தான் கடைசி மட்டும். வெளிக்கிட முதல் மீற்றரை ஒரு படம் எடு, போய் இறங்கினாப்போல இன்னொரு படம். மகனிட்டைக் குடாதை, அவன் தன்ர முகத்தைத்தான் எடுப்பான்.

அங்கை போய் வீட்டுத் திறப்புக் கைக்கு வரும் மட்டும் மோட்டலில இருந்தால், 15 நாளைக்கு இருப்பிடமும் சாப்பாடும் கழிபடும். பதினாறாம் நாள் உன்ர பாடு. மச்சானின்ர மச்சான் அங்கை இருக்கிறார், அவர் வீட்டில சும்மா இருப்பம் எண்டு பாக்கிறியோ? இரு. ஆனால் கழிக்க ஒண்டும் இல்லை, பிறகு அவையின்ர பெட்டையின்ர சாமத்தியவீட்டுக்கு ரண்டு பவுண் போடவேணும், அதுக்குப் படிவமும் இல்லை.

சின்னச் சாமானுகளையும் விடாதை. சாரதி அனுமதிப் பத்திரம் மாத்துற காசு, காருக்கு அந்த மாகாணத்துப் பதிவு, கறண்டு, தண்ணி வெட்டிற காசு, இணைக்கிற காசு, எல்லாம் கழிபடும். ஆனால் பழைய விலாசத்துக்கு வாற கடிதங்களைப் புது விலாசத்துக்குத் திருப்பத் தபால் கந்தோருக்குக் கட்டுற காசு கழிபடாது. ஏன் எண்டு என்னட்டைக் கேக்காதை. சட்டம் எழுதினவனுக்கும் தபால்காரனுக்கும் ஏதோ வேலிச் சண்டையாக்கும். புது யன்னலுக்குச் சேலை மாத்துறதும், நிலத்துக்குக் கம்பளம் வாங்கிறதும் இல்லை. அதை உன்ர மனுசிக்கு நீ சொல்லு, நான் சொல்லமாட்டன்.

இந்தா, உனக்கு ஒண்டு கொண்டுவந்தனான். பிடி. ஓம், நீல பிஸ்கற் ரின்தான். நீ நினைக்கிற மாதிரி உள்ளுக்கை பிஸ்கற்றும் இல்லை, ஊசி நூலும் இல்லை. திறந்து பார். ஒரு துண்டுக் கடதாசி கிடக்கே, வாசி பாப்பம். வாசிக்க ஏலாது. 2016இல நான் பிறிட்ஜ் வாங்கின சிட்டை அது. யன்னலடியில வைச்சன், வெயில் குடிச்சிட்டுது. இந்தக் கடைச் சிட்டையள் மையால எழுதுறதில்லை மோனை, சூட்டால எழுதுறது. மூண்டு வருசம் வெளிச்சம் பட்டால் வெறும் கடதாசி. பிறிட்ஜ் பழுதாகிக் கடைக்குக் கொண்டு போனன், கவுண்டரில நிண்ட பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "இதில ஒண்டும் இல்லை" எண்டு சொன்னாள். இருக்கு பிள்ளை, தெரியேல்லை எண்டு சொன்னன். அவள் சிரிக்கேல்லை. அதாலதான் சொல்லுறன், சிட்டை கைக்கு வந்த உடனை போனில படம் எடு, பேந்து ரின்னுக்குள்ள போடு, ரின்னை இருட்டில வை.

ஆறு வருசம் வைச்சிருக்கவேணும். கணக்குப் போடேக்கை ஒண்டும் அனுப்பத் தேவையில்லை, அதுதான் எங்கட ஆக்களைக் கெடுக்கிறது. காசு வந்து, அதில நீ ஒரு பனித் தள்ளு மெசினும் வாங்கி, எல்லாத்தையும் மறந்து இருக்கேக்கை ஒரு கடிதம் வரும். 21900க்கு ஆதாரம் காட்டு எண்டு. அந்த வரியைக் கண்டால் அவங்களுக்குக் கேள்வி கேக்காட்டி விடியாது. அப்ப போய் வான்காரப் பெடியனிட்டை ஒரு துண்டு எழுதித் தா எண்டு நிண்டால், வேலிக்கு ஓணான் சாட்சி.

இன்னொண்டு. உன்ர அவசரத்துக்கு இந்த ஏப்ரல் 30க்குள்ளையே போடப் பாக்காதை. இப்ப போடுறது போன வருசக் கணக்கு. நீ பங்குனியில மாறுறாய், அது அடுத்த வருசம் ஏப்ரலிலதான் போகும். புது இடத்தில உழைச்ச காசில இருந்துதான் கழிக்கலாம், அது காணாட்டி மிச்சத்தை அதுக்கடுத்த வருசத்துக்குக் கொண்டு போகலாம். உனக்குப் பத்து மாசச் சம்பளம் இருக்கு, காணும்.

லொறிக்காரர் நாளைக்கு எத்தினை மணிக்கு? எட்டுக்கோ. கட்டுறது, ஏத்துறது, இடையில களஞ்சியத்தில வைக்கிறது, சாமானுக்குக் காப்புறுதி, எல்லாம் கழிபடும், அதில குறை சொல்ல ஒண்டும் இல்லை. ஆனால் அவையள் சில சாமானுகளைத் தொடமாட்டினம். மிச்சப் பெயின்ற் ஏத்தமாட்டினம். உன்ர சாம்பல் வாளி இஞ்சைதான். கழுவிற மருந்து வகை ஏத்தமாட்டினம். துவக்குத் தோட்டா ஏத்தமாட்டினம், அது உன்னட்டை இராது, கொப்பர் தீபாவளிக்கு வெடி கொளுத்தவே என்னைத்தான் கூப்பிடுறவர். உறைஞ்ச சாப்பாடு ஏத்தமாட்டினம். மரம் செடி கொடி ஏத்தமாட்டினம். அவையள் ஏத்தாமல் விட்டுப்போறதின்ர பெறுமதியைக் கழிக்கலாமோ எண்டால், அதுவும் ஏலாது. படிவத்தில அச்சொட்டா எழுதிக் கிடக்கு. வேணுமெண்டால் வாசிச்சுப் பார்.

பிறீசரில என்ன கிடக்கு? விளைமீனோ. எத்தினை பொட்டலம்? பதினொண்டு. றாலும் கிடக்கோ. ஐயோ பாவம்.

செடியைக் காரில கொண்டு போவம் எண்டுதானே பாக்கிறாய், கண் போற இடத்தில தெரியுது. கொண்டு போ, உன்ர செடி, நான் ஆர் சொல்ல? ஆனால் மாசி கடைசியில தண்டர் பேயில இரவு எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்தானே. மோட்டலுக்குள்ள பெட்டியள் தூக்கிற அவதியில, பெடியள் நித்திரைத் தூக்கத்தில, ஆராவது ஒருத்தர் அந்தச் சாடியைக் காரிலயே மறந்துபோவியள். விடிய வந்து கதவைத் திறந்தால் கறுத்துச் சுருண்டுபோய் நிக்கும். என்ர மரம் போன வருசம் அப்பிடித்தான் போனது, யன்னலை ஒரு விரக்கடை திறந்து வைச்ச பிழை. அதுக்குப் பிறகு ஒரு வருசமாக் கடைக் கறிவேப்பிலைதான், பிளாஸ்ரிக் பையில, வாசம் இல்லாத சாதி. நான் இருக்கிற சின்னக்கா வீட்டில மேல்மாடி யன்னல் தெற்குப் பக்கம், வெயில் நாள் முழுக்க விழும். சும்மா சொன்னனான்.

பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்? பாத்தியே, அவளுக்கு விளங்கிட்டுது.

மெல்ல, மெல்ல. சாடியின்ர அடியைப் பிடி, கொப்பைப் பிடியாதை. மீனை அந்தத் தடிச்ச பையில போடு, றாலை மேல வை. சின்னக்கா கீழ காரோட நிக்கிறாள், வரேக்கையே பின் சீற்றை மடக்கிப்போட்டுத்தான் வந்தவள். ரண்டுக்கும் சிட்டை வேணுமெண்டால் எழுதித் தாறன், பேனை எங்கை? "கறிவேப்பிலை மரம் 1, விளைமீன் பொட்டலம் 11, றால் 2, பெரியப்பு பெற்றுக்கொண்டார்." 21900இல போட்டுக்கீட்டு வையாதை. ரின்னுக்குள்ள கிடக்கட்டும்.